தொண்டை கட்டிய வருடம்

ஸாக்ரெப் நகரத்தின் நீல டிராமில்
அடுத்த நிறுத்தத்தைச் சொல்லும் பெண் நான்தான்.
பதினோரு வருடத்துக்கு முன் ஒரு பிற்பகலில்
தேன் கலந்த வெந்நீர் இரண்டு கோப்பை குடித்து
இருபத்தெட்டுப் பெயர்களைச் சொல்லிவிட்டு வந்தேன்.
கிடைத்த காசில் ஒரு மழைக்கோட்டு.
கோட்டு கிழிந்துவிட்டது. அந்தப் பெண்
இன்னும் பிசிறில்லாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

குரல் இறங்கத் தொடங்கியது நாற்பத்தொன்பதில்.
தொண்டை கட்டியிருக்கிறது என்றாள் தங்கை ஸ்னியெஷானா.
சிகரெட்டை விடு என்றார்கள். நான் புகைப்பதில்லை.
மாதவிலக்கு நின்றது. வயது என்றார்கள்.
மோவாயில் முடி. அதுவும் வயதுதான்.
நெற்றி இரு பக்கமும் பின்வாங்கியது,
கன்னத்திலோ பதினைந்து வயதுப் பையனின் பருக்கள்.
இந்த வயது எந்தத் திசையில் போகிறது என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வங்கிக்குப் போன் செய்தால்
"சொல்லுங்கள் ஐயா" என்கிறது மறுமுனை.
பிறந்த தேதி, தாயின் பிறந்த வீட்டுப் பெயர்,
கடைசியாக எடுத்த தொகை, எல்லாம் சரி.
"உங்கள் மனைவியைப் பேசச் சொல்லுங்கள், ஐயா."

விடியலில் குளியலறைக் கண்ணாடி முன்
என் அப்பாவின் அதே கையசைவோடு
கன்னத்தை ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்கிறேன்.
எப்போது கற்றுக்கொண்டேன் இதை?

டாக்டர் யாத்ரான்கா என்னைவிடப் பத்து வயது இளையவள்.
கூச்சமில்லாமல் கேட்டாள்:
ஜிம்மில் ஊசி ஏதாவது?
தசை வளர மாத்திரை?
கணவர் தோளில் பூசும் ஹார்மோன் களிம்பு
உங்கள் மேல் ஒட்ட வாய்ப்புண்டா?
கணவர் போய் ஆறு வருடம் என்றேன்,
ரொட்டியில் வெண்ணெய் தடவவே சோம்பும் ஆள் அவர்.
இருவரும் சிரித்தோம். என் சிரிப்பு
மேசைக்கு அடியிலிருந்து வந்தது.

எல்லாப் பெண்ணுக்குள்ளும் அது கொஞ்சம் சுரக்கும் என்றாள்,
சூப்பில் உப்பைப் போல.
உங்களுக்கு யாரோ பொட்டலத்தோடு கவிழ்த்திருக்கிறார்கள்.
சிறுநீரகங்களின் தலையில் தொப்பியாய் உட்கார்ந்திருக்கும்
இரண்டு சுரப்பிகளையும் படமெடுத்தாள். நிரபராதிகள்.
பிறகு இடது சினைப்பையில்
செர்ரிக் கொட்டை அளவில்
ஒரு கட்டி.

தங்கை சொன்னது பாதி சரி.
கட்டிதான். தொண்டையில் இல்லை.

எடுத்துவிட்டார்கள். தீங்கில்லாதது என்று காகிதம் வந்தது.
சில வாரங்களில் ரத்தம் தன் பழைய கணக்குக்குத் திரும்பியது.
பருக்கள் போயின. மோவாய் முடி
வம்படிக்கும் வாடகைக்காரனைப் போல
மெதுவாகக் காலி செய்கிறது.
குரல் மட்டும் ஏறவில்லை.
தடித்த தந்தி இனி மெலியாது என்றாள் யாத்ரான்கா,
தானே தடிக்கவைத்த மாதிரி தலை குனிந்து.
அன்றிரவு அழுதேன்.
பக்கத்து வீட்டில் யாரோ ஓர் ஆள் அழுவதைப் போலிருந்தது,
எழுந்து போய்த் தேற்றலாமா என்று தோன்றியது.

இந்த வசந்தத்தில் பாலத்துக்கு அப்பால் ஒரு புது நிறுத்தம்.
அந்த ஒற்றைப் பெயரைச் சொல்ல அழைத்தார்கள்.
ஒலிப்பதிவறையில் க்ரெஷிமிர் என்ற பையன்
கணினியில் என்னை மேலே தூக்கிப் பார்த்தான்:
தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட குருவி.
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
அவனே அழித்தான்.
தூக்காத குரலைத்தான் அனுப்பியிருக்கிறான்.
அலுவலகம் இன்னும் முடிவு செய்யவில்லை.

அதுவரை இருபத்தெட்டையும் அவள் சொல்கிறாள்,
என் நெற்றியில் முடி இருந்த காலத்திலிருந்து.
பாலம் தாண்டியதும் டிராம் வாயை மூடிக்கொள்கிறது.
நான் உள்ளே இருக்கும் நாட்களில்
கம்பியைப் பிடித்தபடி சொல்கிறேன்:
"அடுத்து, வெர்பினா."
பைகளை அள்ளிக்கொண்டு யாரோ இரண்டு பேர்
எழுந்து கதவருகே வருகிறார்கள்.